மூன்றாம் சுரங்கத்துக்குள் போன ஜீப்

“நாளைக்குக் காலையில கான்கிரீட் போட்டு மூடப் போறாங்க. போறதா இருந்தா இன்னைக்கே போகணும். வர்றியா, இல்லையா?”

இன்னாசி இப்படிக் கேட்டதும் நாகஜோதி நிமிர்ந்து பார்த்தாள். அவன் கேட்ட கேள்வி ஒரு பக்கம் இருக்கட்டும். அவன் தன்னிடம் பேசுகிறான் என்பதையே அவளால் நம்ப முடியவில்லை. மாதக்கணக்காக இருவரும் ஒரே இடத்தில்தான் வேலை பார்க்கிறார்கள். அவன் மின்விளக்குகள் மாட்டுகிறவன். அவள் வரப்போகும் சுற்றுலாப் பயணிகளுக்கு வழிகாட்டி. ஒருவரைக் கண்டால் மற்றவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். வடகரைப்பட்டியில் அதற்குக் காரணம் தெரியாதவர்கள் கிடையாது.

“எங்க போறதுக்கு?” என்றாள்.

இன்னாசி சாக்கில் சுற்றி வைத்திருந்த ஒரு தகட்டை எடுத்து நீட்டினான். நசுங்கிய மஞ்சள் தகடு. சேற்றைத் துடைத்திருந்தான். கறுப்பு எழுத்துகளில் பாதிதான் மிச்சம். அந்தப் பாதியே அவளுக்குப் போதுமானதாக இருந்தது. பத்து வயதில் அந்த எண்ணைச் சொல்லிச் சொல்லித்தான் அப்பாவின் ஜீப்பை தூரத்திலேயே கண்டுபிடிப்பாள்.

“எங்க கெடச்சது?”

“மூணாவது சொரங்கத்து வடிகால்ல. கேபிள் போடச் சேறு அள்ளும்போது.”

நாகஜோதி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மந்திப்பாறை மலைச்சாலையில் மூன்று சுரங்கங்கள் உண்டு. ஒரு காலத்தில் கேரளத்துக்குப் போகும் லாரியும் பஸ்ஸும் ஏலத்தோட்டத்து ஜீப்புகளும் அவற்றின் வழியாகத்தான் ஓடின. பதினான்கு வருடங்களுக்கு முன்னால் ஓர் ஐப்பசி மழையில் மலையே சரிந்து மூன்றாம் சுரங்கத்தின் மேல் விழுந்தது. அப்பால் இருந்த வாய் மண்ணுக்குள் புதைந்தது. உள்ளேயும் நடுவில் கூரை பெயர்ந்து பாறைகள் அடைத்துக்கொண்டன. சீர் செய்வதை விட வேறு பாதை போடுவது சுலபம் என்று, மலையின் மறுபக்கம் புதுச் சாலை போட்டார்கள். பழைய சாலையில் புல் முளைத்தது. சுரங்கங்களில் வௌவால்கள் குடியேறின.

இப்போது ஒரு தனியார் நிறுவனம் அவற்றைக் குத்தகைக்கு எடுத்து, சுற்றுலாத் தலமாக்கிக்கொண்டிருந்தது. முதல் சுரங்கத்தில் வண்ண விளக்குகள். இரண்டாவதில், அந்தக் காலத்தில் பாறையைக் குடைந்த விதத்தைச் சுவரில் ஓடும் படமாகக் காட்டுவார்கள். மூன்றாவதில் பாதி தூரம் நடக்கலாம். பாறைச் சரிவை மறைத்து எழுப்பிய சுவரின் மேல் ‘ஒளி அருவி’ கொட்டும். திறப்பு விழாவுக்குப் பந்தல்கால் நட்டாயிற்று.

மலை சரிந்த அன்று நாகஜோதியின் அப்பா சுருளிவேல், தோட்டத்திலிருந்து ஏலக்காய் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். வீடு வந்து சேரவில்லை. அதே நாளில் அதே தோட்டத்தில் வேலை பார்த்த பிலோமினாவும் காணாமல் போனாள். பிலோமினா இன்னாசியின் அக்கா.

ஊருக்கு இது போதாதா? கேரளத்துச் சந்தை ஒன்றில் இருவரையும் ஜோடியாகப் பார்த்ததாக ஒருவன் வந்து சொன்னான். ஏலக்காயை விற்ற பணத்தில் கடை வைத்திருக்கிறார்கள் என்றான் இன்னொருவன். சரிவுக்குள் தேடிக்கொண்டிருந்தவர்களும் ‘உள்ளே யாரும் இல்லை’ என்று மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து நாகஜோதி திருடனின் மகள். இன்னாசி ஓடிப்போனவளின் தம்பி. இரண்டு குடும்பமும் ஒன்றையொன்று சபித்தபடி ஒரே ஊரில் வாழ்ந்தன.

அப்பா அந்தச் சுரங்கத்துக்குள் இருக்க வேண்டும் என்று நாகஜோதி வேண்டாத நாளில்லை. வேண்டி முடித்ததும், ‘அப்படியென்றால் அப்பா செத்துப்போக வேண்டும் என்றல்லவா கேட்கிறேன்!’ என்று நெஞ்சு திடுக்கிடும்.

அவள் எழுந்தாள். “மேனேஜர்கிட்டச் சொன்னியாண்ணே?”

“சொன்னேன். ‘தகடு எங்கிருந்து வேணாலும் அடிச்சிக்கிட்டு வந்திருக்கும்பா. மந்திரி வர்ற நேரத்துல பொணம் கிணம்னு கெளப்பாத’ங்கிறாரு. வடிகாலுக்குள்ள யாராவது எறங்கிருவாங்கன்னு பயந்துதான் நாளைக்கே மூடச் சொல்லிட்டாரு.”

“அப்ப ரிஸ்வானாக்காவக் கேப்போம்!”

ரிஸ்வானா கொடைக்கானல்காரி. மலையேற்றமும் மீட்பு வேலையும் கற்றுக்கொடுக்கிறவள். சுரங்கத்து ஊழியர்களுக்குப் பயிற்சி தர வந்திருந்தாள். இருவரும் சொன்னதைக் கேட்டுவிட்டு, “முடியாது” என்றாள் முதலில். பிறகு மஞ்சள் தகட்டை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

“உள்ள என்ன கிடைக்கும்னு உங்களுக்குத் தெரியுதா?”

“தெரியும்க்கா.”

“கிடைச்சா தாங்குவீங்களா?”

நாகஜோதி இன்னாசியைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். “கெடைக்காம இருக்கறதத்தான் மேடம் இத்தன வருசமாத் தாங்கிக்கிருக்கோம்” என்றான்.

ரிஸ்வானா பெருமூச்சு விட்டாள். “சரி. மூணு கண்டிஷன். நான்தான் முன்னாடி போவேன். நான் திரும்புன்னா, ஏன் எதுக்குன்னு கேக்காம திரும்பணும். உள்ள எதையும் தொடக்கூடாது. போலீஸ் வந்து பாக்கணும்.”

மதியச் சாப்பாட்டுக்கு எல்லாரும் பந்தல் பக்கம் போனதும் மூவரும் மூன்றாம் சுரங்கத்துக்குள் நுழைந்தார்கள். தலையில் ஹெல்மெட், நெற்றியில் விளக்கு, இடுப்பில் கயிறு. ரிஸ்வானாவின் மார்பில் கெட்ட காற்றைக் காட்டும் சின்ன மீட்டர் தொங்கியது. சாலை ஓரத்துக் கல் பலகைக்கு அடியில் வடிகாலின் வாய் கறுப்பாகத் திறந்து கிடந்தது. அந்தக் காலத்துக் கட்டுவேலை. இருபுறமும் கருங்கல், அடியில் கணுக்கால் அளவு தண்ணீர். நிற்க முடியாது, குந்தவும் முடியாது. படுத்து ஊர்ந்துதான் போக வேண்டும்.

“இறங்கலாமா?” என்றாள் ரிஸ்வானா.

“இறங்குங்க மேடம்!”

தண்ணீர் பனிக்கட்டியாகச் சில்லிட்டது. முழங்கையை ஊன்றி உடம்பை இழுத்து, மறுபடி ஊன்றி, மறுபடி இழுத்து நாகஜோதி முன்னேறினாள். கல் முதுகை உரசியது. முன்னால் ரிஸ்வானாவின் பூட்ஸ். பின்னால் இன்னாசியின் மூச்சு. தலைக்கு மேலே ஒரு மலை உட்கார்ந்திருக்கிறது என்ற எண்ணம் வந்ததும் அவளுக்கு மூச்சு முட்டியது. கைகால்கள் மரத்துப்போயின.

“அக்கா... என்னால முடியல.”

“கண்ண மூடு. மூச்ச வெளிய விடு. உள்ள இழுக்குறதப் பத்திக் கவலப்படாத, அது தானா வரும். விடு!”

விட்டாள். மறுபடி விட்டாள். மெல்ல நடுக்கம் அடங்கியது.

“போலாம்” என்றாள்.

ஓர் இடத்தில் பக்கவாட்டுக் கல் சரிந்து வழியைப் பாதியாக்கியிருந்தது. ரிஸ்வானா ஒல்லி, நுழைந்துவிட்டாள். நாகஜோதி ஹெல்மெட்டைக் கழற்றி முன்னால் தள்ளிவிட்டு, தோளைச் சாய்த்து நுழைந்தாள். இன்னாசி மாட்டிக்கொண்டான்! முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை. இரண்டு பெண்களும் அவன் கைகளைப் பற்றி, “இப்ப!” “இப்ப!” என்று சேர்ந்து இழுத்தார்கள். சட்டை கிழிந்தது, தோளில் தோல் உரிந்தது, ஆள் வந்துவிட்டான்.

அதற்கப்பால் சேற்றில் சின்னச் சின்னதாக, கறுத்த காய்கள் ஒட்டிக் கிடந்தன. நாகஜோதி ஒன்றை நசுக்கி விளக்கில் பார்த்தாள். ஏலக்காய்! மூக்கருகே கொண்டுபோனாள். வாசனை இல்லை. சேற்று நாற்றம் மட்டும்தான்.

திடீரென்று ரிஸ்வானாவின் பூட்ஸ் மேலே ஏறி மறைந்தது. “மேல ஒரு ஓட்டை இருக்கு! பலகைய யாரோ பேத்து எடுத்திருக்காங்க. மெதுவா வாங்க.”

வெளியே வந்து நிமிர்ந்தார்கள். இரண்டு சரிவுகளுக்கும் நடுவே, சுரங்கத்தில் ஒரு வீட்டுக்கூடம் அளவு இடம் இடியாமல் தப்பியிருந்தது. மூன்று விளக்குகளும் ஒரே பக்கம் திரும்பின.

ஜீப் நின்றிருந்தது.

முன்பக்கம் பாறைக்கு அடியில் தட்டையாகியிருந்தது. பின்பக்கத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. மூட்டைகள் கறுத்து, உளுத்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியபடியே இருந்தன. ஒன்றுகூட விற்கப்படவில்லை.

பின் சீட்டின் மெத்தையைக் கழற்றித் தரையில் போட்டிருந்தார்கள். அதன் மேல் ஒரு நைலான் சேலை. ரோஸ் பூக்கள் இன்னும் மங்கவில்லை. சேலைக்குள் எலும்புகள். வலது கால் எலும்பு இரண்டாக ஒடிந்திருந்தது. அதையொட்டி ஓர் இரும்புக் கம்பி வைத்து, காக்கித் துணியைக் கிழித்துச் சுற்றிக் கட்டியிருந்தது. கட்டு அவிழவில்லை.

மெத்தைக்குப் பக்கத்தில், சக்கரத்தில் சாய்ந்தபடி இன்னொருவர் உட்கார்ந்திருந்தார். காக்கி பேன்ட். மேலே சட்டை இல்லை. அந்தச் சட்டைதான் கட்டாகியிருந்தது.

நாகஜோதி முழந்தாளிட்டாள். அழுகை வருமென்று நினைத்தாள். வரவில்லை. “அப்பா” என்றாள். அந்தச் சொல்லை உரக்கச் சொல்லியே பல வருடம் ஆகியிருந்தது. “அப்பா, நான் ஜோதிப்பா.”

இன்னாசி மெத்தையருகே நின்றபடி எதையோ வெறித்துக்கொண்டிருந்தான். ஒரு வயர் கூடை. அதற்குள் துருப்பிடித்த தகர டப்பா.

“குளுக்கோசு” என்றான். “எனக்குக் காய்ச்சல்னு தோட்டத்துக்கு ஆள் விட்டிருந்தாங்க. ‘தம்பிக்கு முடியலன்னு தெரிஞ்சும் ஓடிட்டாளே’ன்னு அம்மா சாகிறன்னைக்கும் சொல்லிச்சு. அக்கா... வந்துக்கிட்டுத்தான் இருந்திருக்கு. எனக்கு வாங்கிக்கிட்டுத்தான் வந்திருக்கு!”

அவன் முகத்தை மூடிக்கொண்டு குழந்தையைப் போலக் கதறினான். அந்த ஓலம் பாறைகளில் மோதி மோதித் திரும்பியது. நாகஜோதி எழுந்துபோய் அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவள் கையில் அவன் தோளின் இரத்தம் பிசுபிசுத்தது. பதினான்கு வருடத்தில் அந்த இரு வீட்டாரும் ஒருவரையொருவர் தேற்றியது அப்போதுதான்.

ரிஸ்வானா வடிகாலின் திறப்பருகே குனிந்திருந்தாள். பெயர்த்தெடுத்த கல் பலகைக்குக் கீழே சக்கரம் கழற்றும் ஸ்பேனர் வளைந்து கிடந்தது.

“உங்க அப்பாதான் இதப் பேத்திருக்காரு. வடிகால் இருக்குன்னு கண்டுபிடிச்சிருக்காரு.”

“அப்புறம் ஏன்க்கா போகல? நம்ம வந்த வழிதான? நம்ம வந்துட்டோமே!”

ரிஸ்வானா திறப்புக்குள் விளக்கைத் திருப்பிப் பார்த்தாள். “அன்னைக்கு மழை. வடிகால் நெறஞ்சு ஓடியிருக்கும். இல்ல, இவங்கள விட்டுட்டுப் போக மனசு வராம இருந்திருக்கும். ரெண்டும் இருக்கலாம். நமக்குத் தெரியாதும்மா. தெரிஞ்ச மாதிரி நான் சொல்லக்கூடாது.”

பேசிக்கொண்டே இருந்தவள் சட்டென்று கையை உயர்த்தினாள். எல்லாரும் அசையாமல் நின்றார்கள்.

கீழே ஓடும் தண்ணீரின் சத்தம் மாறியிருந்தது. சலசலப்பாக இருந்தது இப்போது உறுமலாகிக்கொண்டிருந்தது.

“மேல மழை! ஓடியாங்க! திரும்பணும்!” அவசரமாகச் செல்போனில் படங்களை எடுத்தாள். “இறங்குங்க!”

இன்னாசி நகரவில்லை.

“நீங்க போங்க மேடம். நான் அக்காகூட இருக்கேன்.”

“பைத்தியமா? இன்னும் கொஞ்ச நேரத்துல வடிகால் ரொம்பிரும்!”

“மறுபடியும் விட்டுட்டு வரச் சொல்றீங்களா? நாளைக்கு மூடிட்டாங்கன்னா?”

நாகஜோதி அவன் முன்னால் போய் நின்றாள். “அண்ணே, என்னயப் பாரு. எங்க அப்பாவும் இங்கதான் இருக்காரு. நான் மட்டும் மனசு வந்தா போறேன்? நம்ம ரெண்டு பேரும் இங்கயே செத்தா, ஊரு இன்னொரு கத கட்டும். ‘அப்பன் மாதிரியே மகளும், அக்கா மாதிரியே தம்பியும் ஓடிட்டாங்க’ம்பாங்க. இவங்களுக்காகப் பேசறதுக்கு நம்மளத் தவிர யாருமில்ல. வாண்ணே. கெஞ்சிக் கேக்கறேன், வா!”

இன்னாசி குனிந்து சேலையின் ஓரத்தை ஒரு விரலால் மட்டும் தொட்டான். பிறகு திரும்பி ஓடிவந்து திறப்பில் இறங்கினான்.

வடிகாலில் தண்ணீர் பாதிக்கு மேல் ஏறியிருந்தது. நல்லவேளை, வெள்ளம் அவர்கள் போகும் திசையிலேயே ஓடியது. பாதி ஊர்ந்து, பாதி அடித்துச் செல்லப்பட்டார்கள். விளக்கு ஒன்று அணைந்தது. சேறும் சருகும் முகத்தில் அறைந்தன. குறுகலான இடத்துக்கு வந்தபோது தண்ணீருக்கும் கல் கூரைக்கும் நடுவே ஒரு சாண்தான் மிச்சம். ரிஸ்வானா முதலில் நுழைந்து அப்பால் போனாள்.

“அடுத்து அண்ணன்!” என்று கத்தினாள் நாகஜோதி. “அவரு மாட்டுனா பின்னாலருந்து நான் தள்ளறேன்!”

இன்னாசி மூச்சை வெளியே விட்டு, உடம்பைச் சுருக்கி நுழைந்தான். இடுப்பு சிக்கியது. நாகஜோதி காலைக் கல்லில் உதைத்து, தோளால் முட்டித் தள்ளினாள். தண்ணீர் அவள் வாயைத் தொட்டது, மூக்கைத் தொட்டது. முன்னாலிருந்து ரிஸ்வானா கயிற்றைச் சுண்டி இழுத்தாள். தடுத்த கல் புரண்டது. மூவரும் மொத்தமாக உருண்டு, வடிகாலின் வாயில் வந்து விழுந்தார்கள்.

சாப்பாடு முடிந்து திரும்பிய ஆட்கள் விளக்கு வெளிச்சத்தில் அவர்களைப் பார்த்து அலறினார்கள். மேலாளர் ஓடிவந்தார். திட்டுவதற்காகத்தான் வாயைத் திறந்தார். ரிஸ்வானா செல்போனை அவர் முன் நீட்டினாள். படத்தைப் பார்த்தார். அடுத்த படத்தைப் பார்த்தார். பிறகு தலையிலிருந்த ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, “போலீசுக்கு நானே போன் பண்றேன்மா” என்றார்.

நாகஜோதி ஈரத்துணியோடு பஸ் பிடித்து ஊருக்குப் போனாள்.

அவள் அம்மா குருவம்மாள் ஏலக்காய்க் கடையில் தரம் பிரிப்பவள். வரிசையாக உட்கார்ந்த பெண்களுக்கு நடுவே முறத்தில் காய்களைத் தள்ளிக்கொண்டிருந்தாள். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. புருஷன் ஓடிப்போனவளுக்கு என்ன பொட்டு என்று பலர் கேட்டும் அவள் ஒருநாளும் வைக்காமல் இருந்ததில்லை.

மகளின் உடம்பிலிருந்த சேற்றைப் பார்த்தாள். “எங்க போயிருந்த?”

“மூணாம் சொரங்கத்துக்கும்மா.”

முறத்திலிருந்த கை நிற்கவில்லை. பச்சைக் காய் ஒரு பக்கம், வெளுத்த காய் ஒரு பக்கம்.

“அப்பா உள்ளதான் இருக்காரும்மா. அவரு எங்கயும் ஓடல. திருடல. ஒரு மூட்ட கொறையல. அந்தக்காவுக்குக் கால் ஒடிஞ்சிருச்சு, சட்டையக் கிழிச்சுக் கட்டிவிட்டிருக்காரு...”

அவள் அதைச் சந்தோஷமான சேதியைப் போலவே சொல்லிக்கொண்டு வந்தாள். இத்தனை வருடம் இந்த நாளுக்குத்தானே காத்திருந்தாள்! தலை நிமிர்ந்து அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று எத்தனை முறை ஒத்திகை பார்த்திருக்கிறாள்!

குருவம்மாளின் கை மெல்ல நின்றது.

“ஊரு சொன்னது பொய்யா இருக்கணும்னு நீ வேண்டுன” என்றாள். “நெசமா இருக்கணும்னு நான் வேண்டுனேன்.”

“அம்மா!”

“எவகூடயோ இருக்கட்டும். களவாண்டே திங்கட்டும். எங்கயோ ஒரு ஊர்ல மூணு வேளையும் சாப்பிட்டு, உசுரோட இருக்காருன்னு நெனச்சுக்கிட்டுத்தான் நான் தெனமும் எந்திரிச்சேன்.”

முறம் கவிழ்ந்து காய்கள் தரையெங்கும் சிதறின. அதை யாரும் பொறுக்கவில்லை. நாகஜோதி அம்மாவைக் கட்டிக்கொண்டாள். சுரங்கத்துக்குள் வராத அழுகை அப்போதுதான் வந்தது.

தீயணைப்பு வீரர்கள் சுவரை இடித்து, பாறைகளைத் தாங்குகட்டை கொடுத்து ஒவ்வொன்றாக அகற்றி இருவரையும் வெளியே கொண்டுவந்தார்கள். வடகரைப்பட்டியே மலையடிவாரத்தில் திரண்டது. சந்தையில் ஜோடியாகப் பார்த்தேன் என்று சொன்னவனும் வந்திருந்தான். அவன்தான் எல்லாரையும் விட உரக்க அழுதான். தோட்டத்து முதலாளி மாலையோடு வந்தார். “உங்க அப்பா மாதிரி மனுசன் உண்டாம்மா!” என்று நாகஜோதியிடம் பலர் சொன்னார்கள். அதைக் கேட்கத்தான் அவள் ஏங்கியிருந்தாள். கேட்கும்போது மனதில் ஒன்றும் நிற்கவில்லை. உண்மையைத் தேடி எடுத்துவிடலாம். மனிதர்களை எடுத்துவர முடியாது என்று அன்று அவளுக்குப் புரிந்தது. ஆனாலும் எடுக்காமல் விட்டிருக்கக்கூடாது. அதிலும் அவளுக்குச் சந்தேகம் இல்லை.

சுருளிவேலை ஆற்றங்கரையில் எரித்தார்கள். மறுநாள் பிலோமினாவுக்குக் கோயிலில் பூசை. இன்னாசிக்குத் தாய் தகப்பன் இல்லை. கல்லறைத் தோட்டத்தில் அவனும் ரிஸ்வானாவும் சில உறவுக்காரர்களும் நாகஜோதியும்தான் நின்றார்கள்.

சாமியார் செபத்தை முடித்த நேரத்தில் வாசலில் ஒரு சலசலப்பு எழுந்தது. நின்றவர்கள் விலகினார்கள். நெற்றி வெறுமையாக, வெள்ளைச் சேலையில் குருவம்மாள் வந்துகொண்டிருந்தாள். யாரும் அவளை அழைக்கவில்லை. சண்டைக்கு வருகிறாளோ என்று இன்னாசி ஓர் அடி முன்னால் வந்து குழியை மறைத்து நின்றான்.

அவள் அவனைக் கடந்துபோய்க் குழியின் ஓரத்தில் உட்கார்ந்தாள். பெட்டியை வெகுநேரம் பார்த்தாள்.

“நான் ஒன்னய வையாத நாளில்ல தாயி” என்றாள். “கடைசி நேரத்துல அவரு தனியா இல்ல. நீ கூட இருந்திருக்க. அது போதும்.”

ஒரு கைப்பிடி மண்ணை அள்ளிப் போட்டாள். எழுந்திருக்க முடியாமல் தடுமாறினாள். இன்னாசி ஓடிவந்து அவள் கையைப் பிடித்துத் தூக்கினான். அவள் அந்தக் கையை விடவில்லை.

“வீட்டுக்கு வாய்யா” என்றாள். “ரெண்டு நாளா நீயும் ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்ட.”